கூரையைப் பிரித்து இறக்கப்பட்டவரின் கதை: பிள்ளைகளுக்கு முதன்முறை சொல்லப்போகிறவர்களுக்கு

"அடுத்த ஞாயிறு நீங்கதான் வகுப்பு எடுக்கணும்" என்று சொல்லி, பாடத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களா? பாடம், நாலு பேர் கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன் இறக்கிய திமிர்வாதக்காரன் (கை கால் முடங்கியவர்) சுகமான கதையா? அப்படியானால் இது உங்களுக்காக எழுதியது.

இந்தக் கதையை நான் முதன்முறை எடுத்தபோது, தயாரிப்பு நேரம் முழுவதும் அட்டைப்பெட்டியில் வீடு செய்வதிலேயே போனது. வீடு அழகாக வந்தது. கூரையைப் பிரித்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் வகுப்பின் கடைசி இரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில், அவளை ஒரு வாரம் முழுக்க வருத்தியது. அதை 7ஆம் படியில் எழுதியிருக்கிறேன். நேரமே இல்லை என்றால் அந்த ஒரு படியை மட்டுமாவது வாசித்துவிட்டு வகுப்புக்குள் போங்கள்.

1. பாடத்தாளுக்கு முன்னால் வேதாகமத்தைத் திறங்கள்

இந்தச் சம்பவம் மூன்று இடங்களில் வருகிறது: மாற்கு 2:1–12, லூக்கா 5:17–26, மத்தேயு 9:1–8. மூன்றையும் சேர்த்து நிதானமாக வாசிக்க இருபது நிமிடம் போதும். வாசிக்கும்போது ஒரு தாளில் எது எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மூவரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. சுமந்து வந்தவர்கள் நாலு பேர் என்று சொல்வது மாற்கு மட்டும்தான். ஓடுகள் வழியாக இறக்கியதாக லூக்கா எழுதுகிறார், மாற்கு கூரையைத் தோண்டித் திறந்ததாக எழுதுகிறார். மத்தேயுவில் கூரையே கிடையாது, படுக்கையில் கிடந்தவரைக் கொண்டுவந்தார்கள் என்பதோடு சரி. ஆனால் "திடன்கொள்" என்ற அருமையான சொல் மத்தேயுவில்தான் இருக்கிறது. நான் மாற்குவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் மத்தேயுவிலிருந்து எடுத்துக்கொள்வேன்.

சொல்லப்படாதவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தவருடைய பெயர் இல்லை. வயது இல்லை. எப்படி முடங்கினார் என்று இல்லை. என்ன பாவம் செய்தார் என்று இல்லை. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவர் பேசியதாக மாற்கு ஒரு சொல்கூட எழுதவில்லை. வீடு கப்பர்நகூமில் இருந்தது. அது பேதுருவின் வீடு என்று பலர் சொல்வார்கள், ஆனால் இந்தப் பகுதியில் அப்படி எழுதியில்லை.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு.

முதலாவது, கதைக்குச் சுவை சேர்க்கிறேன் என்று நாமே ஆட்களையும் வசனங்களையும் புகுத்துவது. நாலு பேருக்கும் பெயர் வைப்பது, வீட்டுக்காரர் கத்துவது போன்றவை. பிள்ளைகளுக்கு மறக்காமல் இருப்பது அந்தப் புகுத்தல்தான். பத்து வயதில் தானாக வேதாகமத்தைத் திறந்து வாசிக்கும் பிள்ளை, "அக்கா சொன்னது இதுல இல்லையே" என்று நின்றுவிடும். கற்பனை வேண்டுமென்றால் "ஒருவேளை இப்படி இருந்திருக்கலாம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, யோவான் 5ஆம் அதிகாரத்தோடு குழப்பிக்கொள்வது. அங்கேயும் "உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட" என்று வருகிறது. ஆனால் அது எருசலேமில், பெதஸ்தா குளத்தருகே, 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த வேறொருவர். தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஒருவரும் இல்லை என்று சொன்னவர் அவர். நம் கதையில் வருபவரைச் சுமக்க நாலு பேர் இருந்தார்கள். நான் பார்த்த ஒரு பாடப் படத்தில் இரண்டும் கலந்து, வீட்டுக்குப் பின்னால் குளம் வரைந்திருந்தது. படம் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒருமுறை சரிபாருங்கள்.

2. பழைய சொற்களை முன்கூட்டியே உடைத்துவையுங்கள்

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. "ஒரு திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு" என்று வாசித்ததும் ஒரு பையன் கேட்டான்: "திமிரு புடிச்சவனை எதுக்கு தூக்கிட்டு வர்றாங்க?"

அவன் குறும்புக்காகக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்த திமிர் அந்த ஒன்றுதான். திமிர் என்றால் உடம்பு மரத்துப்போவது என்ற பொருள் அவன் காதில் விழுந்ததே கிடையாது. விளக்காமல் விட்டிருந்தால், "திமிர் பிடித்த ஆள், அதனால்தான் பாவம் மன்னிக்கப்பட்டது" என்று ஒரு முழுத் தப்புக் கதையோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆகவே கதைக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: "கொஞ்ச நேரம் காலை மடக்கி உட்கார்ந்தா கால் மரத்துப்போகும்ல? இவருக்கு அது போகவே இல்லை. கை கால் அசைக்க முடியலை." கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் முடக்குவாதமுற்றவர் என்று இருக்கும். முடக்குவாதம் என்ற சொல்லை இன்று மூட்டு வீக்க நோய்க்கும் சொல்கிறார்கள், அதனால் அதற்கும் ஒரு வரி விளக்கம் தேவை.

வேதபாரகர் என்பதற்கு "வேதத்தை நன்றாகப் படித்து, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள்" என்றால் போதும். அவர்களை வில்லன் ஆக்காதீர்கள். பாவத்தை மன்னிப்பது தேவன் ஒருவரால்தான் முடியும் என்று அவர்கள் நினைத்ததில் தவறே இல்லை. எதிரே நிற்பவர் யார் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. படுக்கை என்றதும் பிள்ளைகள் மெத்தையும் கட்டிலும் நினைப்பார்கள், அதைச் சுருட்டித் தோளில் எடுத்துப்போவது எப்படி என்று குழம்புவார்கள். பாய் மாதிரி ஒன்று என்று சொல்லுங்கள். இயேசு தம்மைக் குறிக்கச் சொல்லும் மனுஷகுமாரன் என்ற பெயரை விளக்குவது பெரிய வகுப்புக்குத்தான். ஏழு வயதுக்குக் கீழே இயேசு என்றே சொல்லிப் போகலாம்.

3. வகுப்பில் யார் இருக்கிறார்கள்? தாள்களைக் கேட்டு வாங்குங்கள்

புதிதாக வருகிறவர்கள் விட்டுவிடும் படி இதுதான். நானும் விட்டேன்.

வழக்கமாக எடுக்கும் ஆசிரியரிடமோ பொறுப்பாளரிடமோ இவற்றைக் கேளுங்கள்: பிள்ளைகளின் பெயர், வயது உள்ள வருகைப் பதிவேடு. பெற்றோரின் அவசரத் தொடர்பு எண். ஒவ்வாமை, வலிப்பு, மூச்சிரைப்பு போன்ற உடல்நலக் குறிப்புகள் (மண், தூசி, வைக்கோல் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் இது மிக முக்கியம்). படம் எடுக்கப் பெற்றோர் சம்மதம் கொடுத்திருக்கிறார்களா என்ற விவரம். பிள்ளைகள் பாதுகாப்பு பற்றி உங்கள் சபை எழுதிவைத்திருக்கும் விதிமுறை. சில இடங்களில் வகுப்பெடுப்பவர்களைப் பற்றிய பின்னணிச் சரிபார்ப்பு சட்டப்படியே கட்டாயம், அது கையில் வர நாளாகும். ஆகவே சம்மதம் சொன்ன அன்றே அதற்கு என்ன வேண்டும் என்று விசாரித்துவிடுங்கள். விதிமுறை எதுவும் இல்லாத சபையாக இருந்தாலும், வகுப்பில் நீங்கள் தனியாக இருக்க வேண்டாம். இன்னொரு பெரியவர் கட்டாயம் கூட இருக்கட்டும்.

இவற்றோடு வாயால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "யார் வீட்டிலாவது நீண்ட நாள் நோயாளி இருக்கிறார்களா? சமீபத்தில் யாரையாவது இழந்த பிள்ளை உண்டா? நடக்க, அசைய சிரமப்படும் பிள்ளை உண்டா?" ஊர்க்கதை கேட்பதற்காக இல்லை இது. சுகமாகும் கதையை, சுகமாகாத வீட்டிலிருந்து வரும் பிள்ளை எப்படிக் கேட்கும் என்று தெரிந்துகொண்டு உள்ளே போவதற்காக.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை இருந்தால், வகுப்புக்கு முன்பே அந்தப் பெற்றோரிடம் "இந்தக் கதையை எடுக்கப்போகிறேன்" என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைப் படுத்திருப்பவராக நடிக்கச் சொல்லக்கூடாது. ஓரமாகவும் உட்காரவைக்கக்கூடாது. கயிறு பிடிக்கும் நாலு பேரில் ஒருவராக நிற்கட்டும்.

4. பொருள்களும் செலவும்

செலவு ஏறக்குறைய இல்லை. நகல் எடுக்கும் காசு மட்டும் ஆகும். கடைகளில் ஆயத்தப் பெட்டகங்கள் விற்கிறார்கள். வாங்காதீர்கள், இதற்குத் தேவையே இல்லை.

வேண்டியவை: செருப்புப் பெட்டி அளவில் ஓர் அட்டைப்பெட்டி, ஒரு சாண் நீளத்தில் துணிப் பொம்மை ஒன்று, ஒரு கைக்குட்டை, கைக்குட்டைக்குள் வைக்கக் கெட்டி அட்டை, ஒரு மீட்டர் நீளத்தில் நாலு கயிறு, காய்ந்த குச்சிகள், கொஞ்சம் களிமண்.

அந்தக் கெட்டி அட்டையை மறந்துவிடாதீர்கள். துணி மட்டும் இருந்தால் நடுவில் தொய்ந்து பொம்மை சுருண்டுவிடும், தலை ஒரு பக்கம் நழுவும். அட்டையின் நாலு மூலையிலும் துளையிட்டுக் கயிற்றைக் கோத்து, அடியில் முடிச்சுப் போடுங்கள். நாலு கயிறும் ஒரே நீளமா என்று தரையில் வைத்து அளந்து பாருங்கள். ஒன்று நாலு விரல் குறைந்தாலும் படுக்கை சாய்ந்தேதான் இறங்கும்.

கூரைக்குப் பெட்டியின் மேல்பக்கத்தில் படுக்கையைவிடப் பெரியதாக ஓர் ஓட்டை வெட்டி, குறுக்கே குச்சிகளை அடுக்கி, மேலே களிமண்ணை மெல்லப் பூசுங்கள். அந்தக் காலத்து வீடுகளும் அப்படித்தான்: மர உத்தரம், அதன்மேல் கிளைகளோ நாணலோ, அதன்மேல் இறுக்கிய மண். அரை விரல் கனத்துக்கு மேல் பூசினால் நடுவில் இறங்கிவிடும். காய ஒரு முழு நாள் வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமையே பூசிவிடுங்கள். சனி இரவு பூசினால் ஞாயிறு காலையில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வரும், பிரியாது.

தூசி ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தாலோ, அறையை அழுக்காக்க அனுமதி இல்லை என்றாலோ, களிமண்ணுக்குப் பதிலாகப் பழுப்புக் காகிதத்தைக் கிழித்துப் பரப்புங்கள். வேலை நடக்கும்.

ஒரே ஒரு கடுமையான எச்சரிக்கை. உண்மையான பிள்ளையைப் போர்வையில் படுக்கவைத்து நாலு பிள்ளைகள் தூக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம். பல பாடத்திட்டங்களில் இந்த யோசனை இருக்கிறது. ஒரு மூலை கை நழுவினால் விழுவது தலைதான். பொம்மையே போதும்.

5. நேரத்தைப் பிரிப்பது

45 நிமிட வகுப்பு என்றால் நான் இப்படிப் பிரிக்கிறேன். வருகைப் பதிவுக்கும் ஒரு பாட்டுக்கும் 7 நிமிடம். கதைக்கு 12. கயிறு இறக்குவதற்கு 10. பேச்சுக்கு 10. மனப்பாட வசனத்துக்கும் ஜெபத்துக்கும் 6.

பேச்சுக்கான அந்த 10 நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். கயிறு இறக்குவது நிச்சயம் நீளும், எல்லோரும் இன்னொரு தரம் கேட்பார்கள். நீண்டால் பாட்டைக் குறையுங்கள். நான் பேச்சைக் குறைத்தேன், அங்கேதான் தவறினேன்.

நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கதை 6 நிமிடம் போதும். அவர்களுக்கு மூன்று வாக்கியம் மனதில் தங்கினால் நிறைவு: நண்பர்கள் விடவில்லை, இயேசு அவரை "மகனே" என்று கூப்பிட்டார், அவர் எழுந்து வீட்டுக்குப் போனார்.

இரண்டு வாரமாகப் பிரிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். முதல் வாரம் கேட்ட பிள்ளை அடுத்த வாரம் வராமல் போகலாம். பாதிக் கதையோடு ஒரு பிள்ளை நின்றுவிடக்கூடாது.

6. கதை சொல்லும்போது

கூட்டத்தில் தொடங்குங்கள். வாசலுக்கு வெளியேகூட இடம் இல்லை என்கிறார் மாற்கு. பிள்ளைகளை நெருக்கி உட்காரச் சொல்லி, "இப்போ பின்னாடியிருந்து ஒருத்தர் முன்னால வரணும், எப்படி வருவார்?" என்று கேட்டால் போதும், நெரிசல் அவர்களுக்கே புரியும்.

பிறகு நாலு பிள்ளைகளிடம் நாலு கயிறு. முதல் தடவை எதுவும் சொல்லித்தராமல் விடுங்கள். ஒருவர் வேகமாக விடுவார், ஒருவர் பயத்தில் இறுக்கிப் பிடிப்பார். படுக்கை சாயும், பொம்மை தொப்பென்று உள்ளே விழும். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கட்டும். "மறுபடி செய்வோம். இப்போ பொம்மையைப் பார்க்காதீங்க, மத்த மூணு பேரோட கையைப் பாருங்க" என்று சொல்லுங்கள். இரண்டாம் தடவை அறையே அமைதியாகிவிடும். நாலு சின்னக் கைகள் ஒரே அளவில் கயிற்றை விட, படுக்கை ஆடாமல் இறங்கும். மண் துகள் உள்ளே உதிரும். அந்த நேரத்தில் மெதுவாக வாசியுங்கள்: "இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு..."

'அவர்கள்' என்ற சொல்லில் நில்லுங்கள். யாருடைய விசுவாசம் என்று கேளுங்கள். இப்போதுதான் நாலு பேராகச் சேர்ந்து இறக்கிய பிள்ளைகளுக்கு நீங்கள் விளக்கவே தேவையில்லை. விசுவாசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் இறுக்கிப் பிடிப்பது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். இங்கே அது கையில் தெரிகிறது. இயேசுவிடம் கொண்டுபோனால் நடக்கும் என்று நம்பி, ஒருவரைத் தூக்கிக்கொண்டு படியேறியது.

அடுத்து வருவது நோய் நீங்குவது இல்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் "மகனே, உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது." பிள்ளைகள் முகத்தில் ஏமாற்றம் தெரியும். தெரியட்டும், "என்ன எதிர்பார்த்தீங்க?" என்று கேளுங்கள். நடக்கவைப்பார் என்று எதிர்பார்த்தோம் என்பார்கள். பெரிய வகுப்பு என்றால் இங்கே இயேசு கேட்ட கேள்வியையே கொடுங்கள்: மன்னித்தேன் என்று சொல்வது எளிதா, எழுந்து நட என்று சொல்வது எளிதா? ஒரு பத்து வயதுப் பெண் சொன்ன பதில் இன்னும் என் குறிப்பேட்டில் இருக்கிறது: "மன்னிச்சேன்னு சொன்னா யாராலயும் செக் பண்ண முடியாது. நடன்னு சொன்னா உடனே தெரிஞ்சிரும்." காணாததை அவர்கள் நம்பும்படி, காணக்கூடியதை இயேசு செய்தார் என்று அதன் பிறகு நான் ஒரு வரிதான் சேர்க்க வேண்டியிருந்தது.

7. "எங்க அம்மாவுக்கு ஏன் சுகமாகல?"

இந்தக் கேள்வி வரும். முதல் வகுப்பில் வராவிட்டாலும் பிறகு வரும்.

எனக்கு அது வகுப்பு முடியும் நேரத்தில் வந்தது. எட்டு வயதுச் சிறுமி. அம்மா பல மாதமாகப் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியாது, நான் விசாரிக்கவில்லை. "நாங்களும் கொண்டுபோனா எங்க அம்மாவும் எந்திரிப்பாங்களா?" என்று கேட்டாள். வெளியே பெற்றோர் காத்திருந்தார்கள். பையை மூடிக்கொண்டே, "விசுவாசம் இருந்தா நிச்சயம் சுகமாகும்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நான் நாலு பேரைக் கூட்டிட்டுப் போய் அம்மா பக்கத்துல ஜெபம் பண்ணேன். அம்மா எந்திரிக்கல. யாருக்கு விசுவாசம் இல்லைன்னு தெரியல."

அவள் அந்த நாலு பேரில் குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர்களில் அவளும் ஒருத்தி.

அதன் பிறகு போதகரிடமும் அனுபவமுள்ள ஆசிரியர்களிடமும் கேட்டு, வேதாகமத்தில் தேடி, நான் கற்றுக்கொண்டதை அப்படியே தருகிறேன்.

சொல்லவே கூடாதவை: "நல்லா ஜெபிச்சா சுகமாகும்." "விசுவாசம் பத்தலை." "ஏதோ பாவம் இருக்கும்." "கடவுள் உங்களைச் சோதிக்கிறார்." இந்த நாலும் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றுகின்றன.

சொல்லக்கூடியது: "ஏன்னு எனக்குத் தெரியலைம்மா. ஆனா இது உன்னால இல்லை, அம்மாவாலயும் இல்லை. இயேசு அம்மாவை நேசிக்கிறார். நாம தொடர்ந்து கேட்கலாம். அழணும்னா அழலாம்." 'எனக்குத் தெரியலை' என்று சொல்லத் தயங்காதீர்கள். நான் அப்படிச் சொன்ன அன்று அந்தப் பிள்ளையின் தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

ஆதாரமாக இரண்டு பகுதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். யோவான் 9:1–3: பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவரும் இல்லை, இவரைப் பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. நம் கதையில் மன்னிப்பும் சுகமும் அடுத்தடுத்து வருவதால், "பாவம் செய்ததால்தான் நோய்" என்று பிள்ளை தானாகவே முடிச்சுப் போட்டுவிடும். அதனால் யோவான் 9ஐ யாரும் கேட்காமலேயே அன்று சொல்லிவிடுங்கள். அடுத்தது 2 கொரிந்தியர் 12:7–9: தன் மாம்சத்தில் உள்ள முள் நீங்கும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இது ஒன்பது வயதுக்கு மேலே நன்றாகப் புரிகிறது.

மருந்து பற்றியும் ஒரு வரி. "ஜெபிக்கிறோம், டாக்டரிடமும் போகிறோம், மாத்திரையும் சாப்பிடுகிறோம்" என்று சேர்த்தே சொல்லுங்கள். ஜெபம் பண்ணியாயிற்று, இனி மருந்து வேண்டாம் என்று பிள்ளை மாத்திரையைத் துப்பிவிடும் நிலைக்கு நம் வகுப்பு காரணமாகக் கூடாது.

8. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது

பாவத்தை ஒரு தாளில் எழுதச் சொல்லி, கிழித்துப் போடும் செயல்பாடு பரவலாகச் செய்யப்படுகிறது. செய்யலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. பெயர் எழுதக்கூடாது. யாரும் வாசித்துக் காட்டக்கூடாது, நீங்களும் வாசிக்கக்கூடாது. எழுதினதும் அவரவரே பொடிப்பொடியாகக் கிழிக்க வேண்டும். மடித்துக் கூடையில் போடச் சொன்னால், வகுப்பு முடிந்ததும் பிரித்துப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்கு இதுவும் வேண்டாம். "தப்பு செய்ததை நினைச்சா வயித்துக்குள்ள கனமா இருக்கும்ல? இயேசு அந்தக் கனத்தை எடுத்துட்டார்" என்றால் அவர்களுக்குப் புரிகிறது.

பிள்ளைகள் பிறரை மன்னிப்பது பற்றிப் பேச்சு திரும்பும்போது நிதானம் தேவை. பென்சிலை எடுத்த தோழனை மன்னிப்பது வேறு. பெரியவர் ஒருவர் அடித்ததை, தொட்டதை, மிரட்டியதைப் பிள்ளை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. "மன்னிச்சு மறந்துடணும்" என்று பொதுவாகச் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு "யாரிடமும் சொல்லாதே" என்றே கேட்கும். ஆகவே சேர்த்துச் சொல்லுங்கள்: "மன்னிக்கிறதுன்னா ரகசியமா வச்சுக்கிறது இல்லை. யாராவது உங்களைக் காயப்படுத்தினா, நம்புற ஒரு பெரியவர்கிட்ட கட்டாயம் சொல்லணும்."

அப்படி ஒரு பிள்ளை உங்களிடமே சொன்னால்: குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். அன்றே பிள்ளையின் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் உடனே கொடுங்கள், சட்டம் கேட்கும் இடத்தில் அதிகாரிகளுக்கும் தகவல் போக வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவரிடம் போய் நீங்களே விசாரிக்காதீர்கள்.

9. வீட்டுக்குப் போகும் தாள்

அரைப் பக்கம் போதும். மாற்கு 2:1–12 என்ற குறிப்பு, மனப்பாட வசனம், வீட்டில் பேச ஒரு கேள்வி. வசனமாக மத்தேயு 9:2இன் கடைசிப் பகுதியைக் கொடுக்கிறேன்: "மகனே, திடன்கொள், உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது." சுருக்கம், நாலு வயதுக்கும் வாயில் வரும். உங்கள் சபையில் எந்த மொழிபெயர்ப்பைப் பயன்படுத்துகிறார்களோ அதிலிருந்தே அச்சிடுங்கள். வீட்டில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்றால் பிள்ளை திணறும். பெண்பிள்ளைகள் "மகளேன்னு சொல்லலாமா?" என்று கேட்பார்கள். வசனத்தை எழுதியிருக்கிறபடி படிக்கட்டும். ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லுங்கள்.

கேள்வியாக இதை எழுதலாம்: "நாம் இன்று யாருக்காகக் கயிறு பிடிக்கலாம்?" நோயுற்ற அயலாருக்கு ஓர் அட்டை எழுதுவது, தனியாக உட்காரும் வகுப்புத் தோழனை விளையாடக் கூப்பிடுவது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிறார்கள்.

10. அன்று மாலையே செய்ய வேண்டியது

களைப்பாக இருந்தாலும் பத்து நிமிடம் உட்காருங்கள். யார் வந்தார்கள், எந்தக் கேள்வி வந்தது, எதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்று எழுதுங்கள். பதில் பாக்கி இருக்கும் பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன் அந்தப் பிள்ளையிடம் முதலில் போங்கள், எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே, ஆனால் மற்றவர்களுக்குக் கேட்காதபடி. யாராவது நோயுற்றிருப்பதாகத் தெரியவந்திருந்தால், அந்த வாரமே பெற்றோரைக் கூப்பிட்டு நலம் விசாரியுங்கள்.

கயிறுகளை ஒன்றாகச் சுருட்டி வைக்காதீர்கள், சிக்கிக்கொள்ளும். நாலையும் தனித்தனி அட்டைத் துண்டில் சுற்றி, படுக்கையோடு சேர்த்து ஒரு உறையில் போட்டுவிடுங்கள். பெட்டியையும் தூக்கி எறிய வேண்டாம். குச்சியும் மண்ணும் புதிதாக வைத்தால் அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு அப்படியே கொடுக்கலாம். கொடுக்கும்போது 7ஆம் படியில் உள்ள கேள்வியையும் சொல்லிக் கொடுங்கள்.